ஓசியில் கொடுத்த கோடுக்கு யார் பொறுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு ஃபைலைப் பத்திதான். கிட்ஹப்ல எந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தாலும் ரீட்மீக்குப் பக்கத்துல 'லைசென்ஸ்'னு ஒண்ணு இருக்கும். நம்மள்ல பாதிப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். புதுசா ரெப்போ ஆரம்பிக்கும்போது ஒரு லிஸ்ட் வரும். அதுல கைக்கு வந்ததை கிளிக் பண்ணுவோம், இல்லன்னா காலியா விட்டுட்டுப் போயிடுவோம்.

ஆனா ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருது. "காசு வாங்காம, ஆர்வத்துக்கு எழுதின டூல் இது. யாரோ எடுத்து யூஸ் பண்ணி, அவங்க டேட்டா அழிஞ்சுபோச்சுன்னா என் மேல கேஸ் போட முடியுமா?" இந்தப் பயத்துலயே நல்ல நல்ல கோடை வெளியே விடாம லேப்டாப்ல பூட்டி வெச்சிருக்கிறவங்க இருக்காங்க. இன்னொரு பக்கம், "ஃப்ரீதானே, யார் கேட்கப் போறா"ன்னு எதுவுமே எழுதாம போட்டுடுறவங்களும் இருக்காங்க. இதுல ரெண்டாவது ஆளுக்குத்தான் ரிஸ்க் அதிகம். ஏன்னு பார்ப்போம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். உங்க கோடு ஆஸ்பத்திரி, வங்கி, வாகனம் மாதிரி இடத்துக்குப் போகுதுன்னா ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. மத்த எல்லாருக்கும் இந்த எபிசோடு ஒரு நல்ல ஆரம்பம்.

லைசென்ஸ் இல்லன்னா என்ன ஆகும்?

நிறைய பேர் நினைக்கிறது, லைசென்ஸ் போடலன்னா கோடு பொதுச்சொத்து, யார் வேணா எடுத்துக்கலாம்னு. நிஜம் நேர் எதிர். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில்தான் வருகிறது. நீங்க எழுதி முடிச்ச நொடியிலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துடுது. எங்கேயும் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. அதனால லைசென்ஸ் இல்லாத கோடுன்னா, 'எல்லா உரிமையும் எனக்கே, யாரும் தொடக்கூடாது'ன்னு அர்த்தம். கிட்ஹப்ல பப்ளிக்கா போட்டா, அவங்க விதிமுறைப்படி மத்தவங்க பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே ஃபோர்க் பண்ணலாம். அவ்வளவுதான்.

ஆனா நடைமுறையில யாராவது எடுத்து யூஸ் பண்ணத்தான் செய்வாங்க. அப்போ என்ன நிலைமைன்னா, அவங்களுக்கு உரிமை இல்ல, உங்களுக்குப் பாதுகாப்பும் இல்ல. "இதுக்கு நான் உத்தரவாதம் தரலை"ன்னு நீங்க எங்கேயும் சொல்லவே இல்லையே. ஒரு வார்த்தை கூட எழுதாத ஆளா நிக்குறீங்க.

மூணு பத்தி, மூணு வேலை

இருக்கிறதுலயே பிரபலமான எம்.ஐ.டி லைசென்ஸை எடுத்துக்குவோம். மொத்தமே சுமார் 170 ஆங்கில வார்த்தைதான். தலைப்பையும் பேரையும் விட்டுட்டா மூணு பத்தி.

முதல் பத்தி அனுமதி. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, எல்லாம் ஓகே.

ரெண்டாவது பத்தி நிபந்தனை. என் பேர் போட்ட காப்பிரைட் வரியையும் இந்த அனுமதி வாசகத்தையும் கோடோட எல்லாப் பிரதியிலும் அப்படியே வெச்சிருக்கணும்.

மூணாவது பத்தி பொறுப்புத் துறப்பு. கோடு எப்படி இருக்கோ அப்படியே தர்றேன், எந்த உத்தரவாதமும் இல்ல, இதனால வர்ற எந்த நஷ்டத்துக்கும் எழுதினவங்க பொறுப்பு இல்ல. முழுக்க பெரிய எழுத்துல கத்துற மாதிரி இருக்கும். அது ஸ்டைலுக்காக இல்ல. அமெரிக்க வணிகச் சட்டத்துல சில உத்தரவாதங்களை எழுத்துல மறுக்கணும்னா, படிக்கிறவர் கண்ணுல படுற மாதிரி எழுதியிருக்கணும். பொடி எழுத்துல ஒளிச்சு வெச்சா செல்லாது. அதனால வக்கீல்கள் கண்டுபிடிச்ச எளிய வழி, எல்லாத்தையும் கேப்பிடல்ல அடிச்சுடுறது.

இதுல எல்லாரும் மூணாவது பத்தியைத்தான் கவனிப்பாங்க. நான் உங்களை ரெண்டாவது பத்தியைப் பார்க்கச் சொல்றேன். 'என் பேரை வெச்சுக்கோ'ங்கறது வெறும் கெத்துக்காகன்னு தோணும். ஆனா அந்த நிபந்தனைதான் மூணாவது பத்தியைக் கோடோட சேர்த்து அனுப்புது. உங்ககிட்ட எடுத்தவர் இன்னொருத்தருக்குக் கொடுத்து, அவர் இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தாலும், "உத்தரவாதம் இல்ல"ங்கற வாசகம் கூடவே போகுது. நீங்க பார்த்தே இராத நாலாவது ஆள் வரைக்கும் அந்த அறிவிப்பு போய்ச் சேர இதுதான் வழி.

இன்னொண்ணு. அந்தப் பத்தி எழுதினவங்க, காப்பிரைட் வெச்சிருக்கிறவங்க எல்லாரையும் சேர்த்துத்தான் காப்பாத்துது. உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஒரு காலேஜ் பொண்ணு நாலு வரி புல் ரிக்வெஸ்ட் அனுப்புறாங்கன்னு வைங்க. லைசென்ஸ் இருந்தா அவங்களுக்கும் அதே குடை. இல்லன்னா அவங்களையும் சேர்த்து மழையில நிறுத்துறீங்க.

ஹார்ட்ப்ளீட் சொல்ற கணக்கு

இது சும்மா தியரி இல்லன்னு காட்ட ஒரு உதாரணம். 2014 ஏப்ரல்ல ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. ஓபன்எஸ்எஸ்எல்ங்கற லைப்ரரியில இருந்த பிழை. இணையத்துல பாதுகாப்பான தொடர்புக்கு ஏகப்பட்ட சர்வர்கள் நம்பியிருந்தது அதைத்தான். சர்வரோட மெமரியில இருக்கிறதை வெளியில இருந்தே துண்டு துண்டா படிக்க முடிஞ்சது. கனடா வருமான வரித்துறையில சுமார் 900 பேரோட சமூகக் காப்பீட்டு எண்கள் திருடு போச்சு. அந்தக் குறிப்பிட்ட மாற்றம் கோடுக்குள்ள சேர்ந்தது 2011 டிசம்பர் 31 ராத்திரி.

அந்த நேரத்துல அந்த ப்ராஜெக்ட்டுக்கு வருஷத்துக்கு வந்த நேரடி நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமா வேலை பார்த்தது ஒரே ஒருத்தர். மத்தவங்க தங்களோட சொந்த நேரத்துல செஞ்சவங்க. உலகம் முழுக்க இதனால ஆன செலவுல துளியூண்டு பங்கை இவங்க தலையில கட்டினாலே வாழ்க்கை முடிஞ்சிருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் லைசென்ஸ்லயும் அந்தப் பெரிய எழுத்துப் பத்தி இருந்தது. ஓசியில எடுத்து யூஸ் பண்ணின கம்பெனிகள் தங்க சர்வரைத் தாங்களே சரி பண்ணிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிகள் சேர்ந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமா இந்த மாதிரி ப்ராஜெக்ட்டுகளுக்குப் பணம் போட ஆரம்பிச்சாங்க.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே"ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. லைசென்ஸோட மூணாவது பத்தி அதையேதான் சட்ட மொழியில சொல்லுது.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது?

நல்ல செய்தி என்னன்னா, பொறுப்புத் துறப்புங்கற ஒரு விஷயத்துல மட்டும் பார்த்தா எம்.ஐ.டி, பி.எஸ்.டி, அப்பாச்சி 2.0, ஜி.பி.எல் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எல்லாத்துலயும் அது இருக்கு. அதனால "எது என்னைக் காப்பாத்தும்"னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். வித்தியாசம் சின்னச் சின்ன இடத்துல இருக்கு.

எம்.ஐ.டி சின்னது, எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க. சின்ன டூல், சின்ன லைப்ரரிக்குப் போதும்.

அப்பாச்சி 2.0 நீளமானது, 2004-ல வந்தது. பேட்டன்ட் உரிமையைப் பத்தியும் பேசும். ஆனா சம்பளம் இல்லாம எழுதுறவங்க கவனிக்க வேண்டியது அதோட 9-வது பிரிவு. ஒரு கம்பெனி உங்க கோடை எடுத்து, தன் கஸ்டமருக்கு "நாங்க வாரண்டி தர்றோம், சப்போர்ட் தர்றோம்"னு விக்கலாம். தப்பில்ல. ஆனா அது அந்தக் கம்பெனியோட சொந்தப் பொறுப்பு. அந்த வாக்குறுதியால உங்க மேல ஏதாவது வந்தா, அதைத் தாங்கிக்க வேண்டியதும் அவங்கதான். இதை எம்.ஐ.டி இவ்வளவு வெளிப்படையா சொல்லாது.

ஜி.பி.எல் மூணாம் பதிப்பு 2007-ல வந்தது. உங்க கோடை மாத்தி வெளியிடுறவங்க தங்க சோர்ஸையும் அதே உரிமத்துல திறந்து வைக்கணும்ங்கறதுதான் அதோட நோக்கம். பொறுப்பு விஷயத்துல 15, 16, 17-ம் பிரிவுகளைப் படிங்க. 17-வது பிரிவு, இந்தத் துறப்பு ஒரு நாட்டுச் சட்டத்துல அப்படியே செல்லலைன்னா, முழு விலக்குக்கு ரொம்ப நெருக்கமா வர்ற உள்ளூர்ச் சட்டத்தைப் பயன்படுத்தும்படி கோர்ட்டைக் கேட்டுக்குது.

கவனமா இருக்க வேண்டியது, ஜாலியா எழுதின லைசென்ஸ்கள்ல. 'என்ன வேணா பண்ணித் தொலை'ங்கற ரேஞ்சுல கெட்ட வார்த்தையோட ஒரு லைசென்ஸ் இருக்கு, டபிள்யூ.டி.எஃப்.பி.எல்னு பேர். 2016 மார்ச்ல என்.பி.எம்ல இருந்து லெஃப்ட்-பேடுங்கற 11 வரிக் கோடு நீக்கப்பட்டு, ஏகப்பட்ட ப்ராஜெக்ட்டுகளோட பில்ட் உடைஞ்சது ஞாபகம் இருக்கா? அந்தக் கோடு இந்த லைசென்ஸ்லதான் இருந்தது. படிச்சா சிரிப்பு வரும். ஆனா அந்த லைசென்ஸ் வாசகத்துல பொறுப்புத் துறப்புன்னு ஒரு வரி கூடக் கிடையாது. அனுமதி மட்டும் வாரி வழங்கிட்டு, தனக்குக் குடை எடுக்க மறந்த கதை.

பப்ளிக் டொமைன்ல விடணும்னு ஆசைப்படுறவங்களுக்கு 'அன்லைசென்ஸ்', 'ஜீரோ பி.எஸ்.டி' மாதிரி வழிகள் இருக்கு. ரெண்டுலயும் துறப்பு வாசகம் இருக்கு. ஆனா அதைக் கூடவே வெச்சிருக்கணும்ங்கற நிபந்தனை இல்ல. அதனால கை மாறும்போது அந்த வாசகம் வழியில உதிர்ந்து போகலாம். எனக்குக் கேட்டா எம்.ஐ.டி போதும்.

சொந்தமா லைசென்ஸ் எழுதுறது மட்டும் வேண்டாம். ஜேசன் சம்பந்தமான ஒரு பழைய லைசென்ஸ்ல, 'இந்த மென்பொருளை நல்லதுக்கு மட்டும் பயன்படுத்து, கெட்டதுக்குப் பயன்படுத்தாதே'ன்னு ஒரே ஒரு வரி சேர்த்தாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எது நல்லது, எது கெட்டதுன்னு யார் முடிவு பண்றது? அந்த ஒரு வரியாலேயே அதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சுதந்திர உரிமமா ஏத்துக்கலை. அப்பாச்சி அறக்கட்டளையும் 2016-ல தன் ப்ராஜெக்ட்டுகளுக்குள்ள அதைத் தடுத்துடுச்சு.

குடை நிறுத்தாத மழை

இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி. லைசென்ஸ் போட்டுட்டா யாரும் கேஸே போட முடியாதுன்னு இல்ல. கோர்ட்டுக்குப் போன பிறகு கையில காட்ட ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

பிட்காயின் கோர் எம்.ஐ.டி லைசென்ஸ்ல இருக்கிற மென்பொருள். 2021-ல டுலிப் டிரேடிங்ங்கற கம்பெனி, தானே பிட்காயினை உருவாக்கினவர்னு சொல்லிக்கிட்ட கிரெய்க் ரைட்டோட கம்பெனி, லண்டன்ல ஒரு வழக்குப் போட்டுச்சு. எங்க கம்ப்யூட்டரை ஹேக் பண்ணிட்டாங்க, சுமார் 1,11,000 பிட்காயினோட சாவி போயிடுச்சு, அதைத் திரும்ப எடுக்க டெவலப்பர்கள்தான் கோடை மாத்தித் தரணும், அது அவங்க கடமைன்னு வாதம். எதிர்மனுதாரர்கள் பத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்கள்.

2022 மார்ச்ல ஹைகோர்ட் இதை ஏத்துக்கலை. 2023 பிப்ரவரியில மேல்முறையீட்டு நீதிமன்றம், இதுல விசாரிக்க வேண்டிய கேள்வி இருக்குன்னு சொல்லி வழக்கைத் தொடர விட்டுச்சு. 2024 மார்ச்ல வேற ஒரு வழக்குல, கிரெய்க் ரைட் பிட்காயினை உருவாக்கினவர் இல்லன்னு லண்டன் ஹைகோர்ட் சொல்லிடுச்சு. டுலிப் வழக்கும் முழு விசாரணைக்கு வராமலேயே அந்த வருஷம் முடிஞ்சுபோச்சு. நடுவுல அந்த டெவலப்பர்களுக்கு வக்கீல் செலவுக்குன்னே 2022-ல ஜாக் டோர்சி தரப்புல ஒரு சட்ட உதவி நிதி ஆரம்பிக்க வேண்டி வந்தது. லைசென்ஸ் இருந்தும் மூணு வருஷ அலைச்சல். லைசென்ஸே இல்லாம இருந்திருந்தா, வாதத்தை எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரிஞ்சிருக்காது.

அடுத்து, வேணும்னே செய்யுற கெடுதலுக்கு எந்தக் குடையும் கிடையாது. 2022 ஜனவரியில கலர்ஸ்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எழுதினவரே அதுக்குள்ள முடியாத லூப் ஒண்ணைப் போட்டு வெளியிட்டார். கம்பெனிகள் ஓசியில சம்பாதிக்குதுங்கற கோபம். கோபம் நியாயமாவே இருக்கலாம். ஆனா, தெரிஞ்சே செய்யுற கெடுதலுக்கான பொறுப்பை முன்கூட்டியே எழுதி விலக்கிக்க ஜெர்மன் சட்டம் அனுமதிக்காது. தானமா கொடுத்த பொருள்னாலும், வேணும்னே செஞ்சதுக்கும் அப்பட்டமான அலட்சியத்துக்கும் கொடுத்தவர் பதில் சொல்லணும்னு அந்த ஊர்ச் சட்டம் சொல்லுது. பிரிட்டன்ல தொழில் ரீதியா இயங்குறவங்க, தங்க அலட்சியத்தால வர்ற உயிரிழப்புக்கோ உடல் காயத்துக்கோ பொறுப்பை ஒப்பந்தம் போட்டு விலக்க முடியாது. 1977-லயே சட்டம் வந்துடுச்சு.

மூணாவது, லைசென்ஸ் பேசுறது கோடை எடுத்தவர்கிட்ட. அவரோட கஸ்டமரோ நோயாளியோ அதைப் பார்த்தே இருக்க மாட்டார். அதனால உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு இந்தக் கோடு எழுதப்படலைன்னா, அதை ரீட்மீல தெளிவா சொல்லிடுங்க.

நம்ம ஊர் கணக்கு

இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'சேவை'ங்கற வார்த்தைக்கான விளக்கத்துலயே இலவசமா செய்யுற சேவையை வெளியே வெச்சிடுது. ஆக, நிஜமாவே ஃப்ரீயா செஞ்சா நுகர்வோர் கோர்ட்டுப் பக்கம் கவலை குறைவு. ஆனா "சரி, மாசம் 500 ரூபா ஜிபே பண்ணிடுங்க, பார்த்துக்கறேன்"னு சொன்ன நிமிஷம் கதை மாறுது. பாராட்டி யாரோ அனுப்புற நன்கொடை வேற, வேலைக்குக் கூலி வேற.

ஐரோப்பாவுலயும் கோடு இங்கேதான் போடுறாங்க. அங்கே புது பொருள் பொறுப்புச் சட்டம் 2026 டிசம்பர்ல இருந்து மென்பொருளையும் 'பொருள்'னு கணக்குல எடுத்துக்குது. சைபர் பாதுகாப்புச் சட்டத்தோட முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர்ல வருது. ரெண்டுமே, வணிக நோக்கம் இல்லாம தர்ற திறந்த மூல மென்பொருளை விலக்கி வெச்சிருக்கு. காசு உள்ளே வரும்போதுதான் கடமையும் வருது.

இன்னொரு முக்கியமான விஷயம், ஐ.டி கம்பெனியில வேலை பார்க்கிற எல்லாருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி, வேலையோட பகுதியா எழுதினதுக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான், வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். உங்க ஆஃபர் லெட்டரோட வந்த ஒப்பந்தம் அதுக்கும் மேல போய், வேலை நேரத்துக்கு வெளியே எழுதினதையும் கேட்கலாம். அதை ஒரு தடவை பொறுமையா படிங்க. உங்களுக்குச் சொந்தமே இல்லாத கோடுக்கு நீங்க எம்.ஐ.டி போட்டா அது செல்லாது. உரிமையாளர்கிட்ட வேற தனியா மாட்டுவீங்க. மெயில்ல ஒரு அனுமதி வாங்கிட்டு வெளியிடுங்க.

தெரிஞ்சவங்களுக்குச் செய்யும்போது

நம்மள்ல பல பேர் செய்யுற ஃப்ரீ வேலை கிட்ஹப்லயே வராது. அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு மெயின்டனன்ஸ் கணக்கு ஆப், மாமாவோட மருந்துக் கடைக்கு ஸ்டாக் ஷீட், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வெப்சைட். இவங்க யாரும் லைசென்ஸ் ஃபைலைத் திறக்கப் போறதில்ல. இங்கேதான் மனஸ்தாபமும் அதிகமா வருது.

இங்கே ஒரு சின்ன மெயில் அனுப்புங்க, தமிழ்லயே. இது இலவசமா செஞ்சது, இப்ப இருக்கிற நிலையிலேயே தர்றேன். பேக்கப் எடுக்கிறது உங்க பொறுப்பு. பாஸ்வேர்டு இன்னார்கிட்ட இருக்கு. என்னால முடிஞ்சப்போ சரி பண்ணித் தர்றேன், ஆனா இத்தனை மணி நேரத்துக்குள்ளன்னு வாக்குக் கொடுக்க முடியாது. "சரி தம்பி"ன்னு ஒரு பதில் வந்தாலே போதும், உங்களுக்கும் ஒரு பதிவு, அவங்களுக்கும் ஒரு தெளிவு. அதுக்கப்புறம் வாட்ஸ்ஆப்ல "கவலையே படாதீங்க அங்கிள், டேட்டா எங்கேயும் போகாது, நான் கேரண்டி"ன்னு அடிச்சுடாதீங்க. லைசென்ஸ்ல இல்லாத வாக்குறுதியை வாயால கொடுத்தா, அப்புறம் பேச்சு அந்த வாக்குறுதியைப் பத்திதான் இருக்கும்.

இன்னைக்கே செய்யக்கூடியது

உங்க பப்ளிக் ரெப்போக்களைத் திறந்து, லைசென்ஸ் இல்லாத எல்லாத்துக்கும் ஒண்ணு போடுங்க. ஃபைல் மேல்மட்ட ஃபோல்டர்ல இருக்கட்டும். வருஷமும் உங்க பேரும் நிரப்பியிருக்கான்னு பாருங்க, நிறைய இடத்துல அந்த அடைப்புக்குறி காலியாவே கிடக்கும். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலோட முதல் வரியிலும் லைசென்ஸ் பேரைச் சேருங்க, தனியா காப்பி ஆனாலும் அடையாளம் இருக்கும். மத்தவங்க கோடை உள்ளே வெச்சிருந்தா அவங்க லைசென்ஸை நீக்காதீங்க, அது அவங்க குடை. இனிமே பார்த்துக்க முடியாதுன்னா ரெப்போவை ஆர்க்கைவ் பண்ணிட்டு, அதை ரீட்மீல சொல்லிடுங்க.

கடைசியா ஒண்ணு. கர்ல்ங்கற டூலைப் பல வருஷமா பராமரிக்கிற ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க். 2022 ஜனவரியில ஒரு பெரிய கம்பெனி அவருக்கு மெயில் அனுப்பி, லாக்ஃபோர்ஜே பிரச்சினையால உங்க மென்பொருளுக்கு என்ன பாதிப்புன்னு 24 மணி நேரத்துல பதில் கேட்டுச்சு. கர்ல்ல லாக்ஃபோர்ஜேவே கிடையாது. அந்தக் கம்பெனி அவருக்கு ஒரு பைசா கொடுத்ததும் கிடையாது. அவர் கோபப்படலை. சப்போர்ட் ஒப்பந்தம் போட்டுக்கிட்டா சந்தோஷமா பதில் சொல்றேன்னு மரியாதையா எழுதிட்டார்.

அந்த மாதிரி நிதானமா பதில் எழுத முடியணும்னா, கோடை வெளியிட்ட அன்னைக்கே அந்த மூணு பத்தியும் அதுல இருந்திருக்கணும். போய் உங்க ரெப்போவைப் பாருங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.